நடக்க வேண்டியது பொம்மை மட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகள் செல்பேசியிலேயே பொம்மைப் படம் எடுக்கலாம் என்று தங்கள் சிறுவர் பக்கத்தில் படித்த அன்றே என் பேத்தி லெகோ பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்துவிட்டாள். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து; எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே நடப்பதுபோலத் தெரியும். ஜன்னல் வெளிச்சமே போதும் என்று எழுதியிருந்தீர்கள். போதாது ஐயா. நாற்பது ஆண்டுகள் ஸ்டுடியோ வைத்து, கல்யாண வீட்டாரை 'அசையாதீர்கள்' என்று மிரட்டியே பிழைத்தவன் நான். என் பாச்சாவே பலிக்கவில்லை.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. மேஜையில் டம்ளர் தண்ணீரை வைத்தால் வளையம் வளையமாக அலை ஓடும்; பழகிப்போய் நாங்கள் கவனித்ததே இல்லை. வினாடிக்கு 12 படம் வீதம் அரை நிமிடத்துக்கு 360 படங்கள் எடுத்து ஓட்டிப் பார்த்தால், லெகோ வீடு குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்குகிறது.

தறிச் சத்தமில்லாத ஏற்காட்டில் மைத்துனர் வீட்டுக்குப் போனோம். தாங்கள் சொன்னபடி ஜன்னலோரம்தான். நொடிக்கொரு தரம் மேகம் வந்து எட்டிப் பார்த்தது. பொம்மை மூன்று அடி வைப்பதற்குள் படத்தில் விடிந்து, இருட்டி, மறுபடி விடிந்துவிட்டது!

இறங்கி வரும்போது ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைப் பார்த்ததும்தான் உறைத்தது. படப்பிடிப்புத் தளம் என்றாலே வெயிலை வெளியே நிறுத்திவிட்டு விளக்குப் போட்டு எடுக்கும் இடம்தானே? ஜன்னலைப் போர்வையால் மூடி, இரண்டு எல்.இ.டி. மேஜை விளக்குகளை மட்டும் எரியவிட்டோம். பழைய சோக் மாட்டிய டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். கண் ஏமாந்தாலும் கேமரா ஏமாறாது என்பதால் அதையும் அணைத்தோம். செல்பேசியில் வெளிச்ச அளவு, ஃபோகஸ், நிறச் சமன் மூன்றையும் நாங்களே வைத்துப் பூட்டினோம். இல்லாவிட்டால் சிவப்புச் சட்டைப் பொம்மை உள்ளே வரும்போதெல்லாம் பின்சுவரின் நிறம் மாறுகிறது.

நடுக்கத்துக்கு மருந்து கேமரா முக்காலியில் கிடைக்கவில்லை. சமையலறையில் மிஞ்சிக் கிடந்த கடப்பாக் கல்லை சைக்கிள் டியூப் துண்டுகளின்மேல் வைத்து, லெகோ அடித்தட்டையும் செல்பேசிப் பிடியையும் அதே கல்லின்மேல் அழுந்த ஒட்டினோம். தறி ஆட்டினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடுவதால் படத்தில் தெரிவதில்லை. திரையைத் தொடாமல் இயர்போன் பொத்தானால் படம் எடுத்தோம்.

அப்படியும் ஏழெட்டுப் படத்துக்கு ஒருமுறை பொம்மையின் கன்னம் வெளுத்தது. குற்றவாளி என் வெள்ளைச் சட்டை. நான் குனியும்போதெல்லாம் அது விளக்கொளியை வாங்கிப் பொம்மையின்மேல் அடித்திருக்கிறது. பேத்தி என்னைக் கருநீலச் சட்டைக்கு மாற்றினாள். நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் வட்டமிட்டு, "படம் எடுக்கும்போது அசையாதீர்கள், தாத்தா" என்றாள்.

அடுத்த முறை எழுதும்போது, பொம்மையை எவ்வளவு நகர்த்துவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லெகோ அடித்தட்டின் மேலே துருத்தி நிற்கும் ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிமீட்டர். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குமிழ் தாண்டினால் பொம்மை நடப்பதில்லை, தத்துகிறது. அரைக் குமிழுக்கு மேல் நகர்த்தக் கூடாது. எங்கள் படம் இதுவரை 22 வினாடி வந்திருக்கிறது.

- ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
அம்மாப்பேட்டை, சேலம்.