பிரிக்காத கவர்

அன்பு மாப்ளைக்கு,

நலம்தானே? போன வாரம் இரண்டு தடவை போன் பண்ணினேன், டவரே கிடைக்கவில்லை. ஏற்காட்டில் விடாத மழை என்று அப்புறம் உன் மருமகன் சொன்னான். காப்பி பறிப்பு முடிந்ததா? இங்கே அம்மாபேட்டையில் புதுசாக ஒன்றுமில்லை, முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதோடு என் டூட்டி முடிந்தது. அதை விடு. ஒரு படம் பார்த்தேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், போனில் சொன்னால் நீ பாதியிலேயே மிளகு விலைக்குப் போய்விடுவாய்.

'போலீஸ்' என்று ஒரு பிரெஞ்சுப் படம், 2020இல் வந்தது, ஆன் ஃபோன்டேன் என்கிற பெண் எடுத்தது. பேரைப் பார்த்து நம்மூர் மாதிரி பறந்து பறந்து அடிப்பார்கள் என்று உட்கார்ந்தேன். பார்த்தால் நம்ம வேலைதான் மாப்ளே, வழிக்காவல்! பாரிஸில் மூன்று போலீஸ், இரண்டு ஆண், ஒரு பெண். புகலிடம் கேட்டு வந்த தஜிகிஸ்தான்காரர் ஒருத்தரை ராத்திரி காரில் ஏற்றி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், ஊருக்கே திருப்பி அனுப்ப. முதலில் ஒரே நாளை மூன்று பேர் பக்கமிருந்தும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள், எனக்கு அது கொஞ்சம் இழுவை. காருக்குள் ஏறின பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் போலீஸ், ஆளோடு கொடுத்துவிட்ட கவரைப் பிரித்துப் படித்துவிடுகிறாள். திரும்பிப் போனால் அவர் உயிர் தங்காது என்று அதில் இருக்கிறது. அப்புறம் அவளால் சும்மா இருக்க முடியவில்லை, விட்டுவிடலாமா என்று காருக்குள்ளேயே தகராறு. முடிவைச் சொல்ல மாட்டேன், நீயே பார்.

அகதியாக வருகிறவர் பைமான் மாதி என்ற ஈரான் நடிகர். பாஷை தெரியாமல், தன்னைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்பது மட்டும் புரிந்து, முகம் முகமாகப் பார்ப்பார் பார், அங்கே படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பிரான்ஸ் 1951ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாதென்று அதிலேயே இருக்கிறது என்றான் மகன். நம் நாடு அதில் இன்றுவரை கையெழுத்தே போடவில்லை.

உனக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். 1993, ஜாமீன் கிடைத்த கையோடு, இலங்கைக்காரர்களை அடைத்துவைக்கிற சிறப்பு முகாமுக்கு நாம் கூட்டிப்போன அந்த யாழ்ப்பாணத்துக்காரர். வழிக்காவலில் விலங்கு போட்டே தீர வேண்டும் என்பதெல்லாம் 1980லேயே சுக்லா கேஸில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது, அதனால் நான் அவர் இடது கையைக் கோத்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வேர்த்து வேர்த்து வழுக்கும், வேட்டியில் துடைத்துக்கொண்டு அவராகவே திரும்பக் கையைக் கொடுப்பார். பஸ் ஸ்டாண்டில் அவர் சம்சாரம் வாழை இலையில் கட்டிக் கொடுத்த புட்டை ஆத்தூர் தாண்டிப் பிரித்து, ஒரே கையால் உதிர்த்து, "நீங்களும் எடுங்கோ அண்ணை" என்று முதலில் நம் பக்கம்தான் நீட்டினார். நாம் வேண்டாம் என்றோம்.

அப்புறம் கேட்டாரே, "ஊருக்குக் கப்பல் ஏத்தப் போறியளோ?" என்று. 1992லிருந்து கப்பலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம், அவர் பயந்ததில் தப்பில்லை. அதெல்லாம் இல்லை, முகாமுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் படத்திலாவது பாஷை தெரியாது மாப்ளே. நமக்கு அவர் பேசினது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கவர் உன் சட்டைக்குள்தான் இருந்தது. கள்ளக்குறிச்சி தாண்டி நான் கண் அசந்துவிட்டேன், உளுந்தூர்பேட்டையில் முழித்தபோது அவர் கையை நீ பிடித்திருந்தாய், இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். முகாமில் ஒப்படைக்கும்போது பார்த்தால் கவரில் அரக்கு உடைந்திருந்தது. பஸ் நெரிசலில் உடைந்தது என்றாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

படித்தாயா? அவரிடம் என்ன சொன்னாய்?

போனில் வேண்டாம், எழுது.

உன் மாப்ளே,
அம்மாபேட்டை, சேலம்