என் படிப்பு பாதியில் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

போன வாரம் கடைசிப் பருவத்தின் கடைசித் தேர்வை எழுதி முடித்தேன். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் உங்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் வேலை போனபோது, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். விடுதி அறையில் பெட்டிகூடக் கட்டி வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியைப் பிரிக்க வைத்தவர்கள் நீங்கள். நேரில் நன்றி சொன்னபோதெல்லாம் தொண்டை அடைத்துப் பாதியில் நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் சொன்னதால் யார் பெயரும் போடவில்லை.

முதல் நன்றி, உதவித்தொகைப் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு. நான் உங்களிடம் வந்தபோது என் விண்ணப்பம் ஏற்கெனவே ஒருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்று காரணம் போட்டிருந்தார்கள். அப்பாவின் சம்பளம் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. சான்றிதழில் இருந்ததோ அவர் வேலையில் இருந்த ஆண்டின் கணக்கு. நீங்கள் பென்சிலை எடுத்து அந்த ஆண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டீர்கள். “இது பழைய கணக்கும்மா. வீட்டு நிலைமை மாறிடுச்சுன்னு மேல்முறையீடு போடு” என்றீர்கள். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. வேலை போனதற்கான கடிதம், மருத்துவச் சான்று, இப்போதைய வரவு செலவுக் கணக்கு என்று மூன்றையும் கேட்டு வாங்கினீர்கள். சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து, என் கடிதத்தில் அழுகையாக இருந்த இரண்டு பத்திகளை எடுக்கச் சொல்லி, அந்த இடத்தில் தேதிகளையும் தொகைகளையும் எழுத வைத்தீர்கள். ஐந்தாவது வாரம் பதில் வந்தது. பாதிக் கட்டணம் தள்ளுபடி.

மீதிப் பாதிக்கு வழி காட்டியது சீனியர் அண்ணன். அண்ணா, நீங்கள் கையில் கொடுத்த அந்த நீள நோட்டு எனக்குப் பணத்தை விடப் பெரியது. பக்கத்துக்கு ஓர் உதவித்தொகை: கடைசித் தேதி, என்னென்ன காகிதம், யார் கையெழுத்து, பணம் எப்போது கைக்கு வரும், அடுத்த ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பெரிய உதவித்தொகைகளின் பின்னால் மட்டும் ஓடாதே, துறைக்குள்ளேயே முன்னாள் மாணவர்கள் வைத்திருக்கும் சின்ன நிதிகளுக்கு ஆள் குறைவாகத்தான் வருவார்கள் என்றீர்கள். நான்குக்கு விண்ணப்பித்தேன், இரண்டு கிடைத்தன. வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் உதவியைக் குறைத்துக்கொள்ளும், வாங்கும் முன்பே கேட்டுக்கொள் என்று சொன்னதும் நீங்கள்தான். முன்பணம் கட்டினால் உதவித்தொகை உறுதி என்று ஒருவர் போனில் பேசியதை நான் நம்பியே விட்டேன். பணம் கொடுப்பவன் உன்னிடம் எதற்குப் பணம் கேட்கிறான் என்று ஒரே கேள்வியில் என்னைத் தடுத்தீர்கள்.

பேராசிரியர் அம்மாவுக்கு: ஒரே பரிந்துரைக் கடிதத்தை நான்கு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாம். நீங்கள் ஒவ்வொரு நிதியும் என்ன எதிர்பார்க்கிறது என்று படித்துப் பார்த்து நான்கையும் தனித்தனியாக எழுதினீர்கள்.

கடன் பற்றி விளக்கிய தோழியின் அண்ணனை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மறக்காது. நான் வாங்க இருந்த கடனுக்குப் படிக்கும்போதே வட்டி ஏறும். கட்டாமல் விட்டால் கடைசியில் அது அசலோடு சேர்ந்து, அப்புறம் அந்த வட்டிக்கும் வட்டி ஓடும். இதைக் காகிதத்தில் ஆண்டுவாரியாகப் போட்டுக் காட்டினார். வாங்க நினைத்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வாங்கினேன். மாத வட்டியை நூலகத்தில் கிடைத்த பகுதிநேர வேலைச் சம்பளத்தில் அவ்வப்போதே கட்டி வந்தேன். தேர்வு நேரத்தில் என் முறையை மாற்றிப் போட்டுக் கொடுத்த நூலகர் ஐயாவுக்கும் நன்றி.

அப்புறம், கட்டணப் பிரிவு சார். உதவித்தொகை உறுதியானாலும் பணம் வர ஆறு வாரம் ஆகும், கட்டணத்துக்கோ பத்து நாள்தான் இருந்தது. ஒப்புதல் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தவணைக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மற்ற எல்லாம் கிடைத்தும் அந்தப் பருவம் எனக்குப் போயிருக்கும்.

அண்ணா, உங்கள் நோட்டில் புதிதாகப் பதினொரு பக்கம் சேர்த்திருக்கிறேன். பழைய தேதிகளையும் திருத்திவிட்டேன். இப்போது அது முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் இருக்கிறது. அக்கா, அவளுக்கும் விண்ணப்பம் ஒருமுறை திரும்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்க்க வருவாள். மூன்று காகிதங்களையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி, உங்கள் தங்கை