வாலுவுக்கு, 40 சதவீதம் பற்றி

அன்புள்ள வாலு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முட்டிவலி தேவலையா? சின்னவன் மார்க்கைப் பற்றிக் கேட்க மாட்டேன். கேட்டால் என் மார்க்கை அவனிடம் சொல்லிவிடுவாய்.

உன்னை ஐக்யூஏசி (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள் என்று சீப்புதான் சொன்னாள். ஜூனிலிருந்து எல்லாப் பாடத்திலும் 40 சதவீதம் ஆன்லைன் என்று உங்கள் முதல்வர் அறிவித்துவிட்டாராம், அதற்கு 'தரம் உண்டு' என்று நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். ஹாஸ்டல் ரசத்துக்கே சான்று கொடுத்தவள் நீ, இது எம்மாத்திரம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் வேலையாக, உங்கள் முதல்வர் எந்த 40-ஐச் சொல்கிறார் என்று கேள். 2021 மார்ச்சில் வந்த ஸ்வயம் (மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம்) விதிமுறைப்படி, ஒரு படிப்பில் ஒரு செமஸ்டருக்கு உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் (2016-ல் இது 20 ஆக இருந்தது). அதே ஆண்டு மே மாதம் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட கலப்புமுறை (வகுப்பும் ஆன்லைனும் கலந்தது) வரைவுக் குறிப்போ, ஸ்வயம் அல்லாத ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்றது. முன்னது பாடங்களின் எண்ணிக்கை, பின்னது ஒரே பாடத்தின் பங்கு. ஒரே ஃபைலில் இரண்டையும் கலந்து எழுதிய கல்லூரிகள் உண்டு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: படிப்பு முழுவதையும் ஆன்லைனில் தருவது. அதற்கு 2020 விதிமுறைகள், தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி எல்லாம் தனி. விளம்பரத்தில் 'ஆன்லைன் டிகிரி' என்ற சொல் தவறியும் வந்துவிடக் கூடாது, ஜடை மேடத்திடம் இப்போதே சொல்லிவை. இன்னொன்று, இரண்டு குறிப்பிலும் 40 என்பது உச்சவரம்பு. யாரும் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை. வேதியியல் பாடத்துக்கு 15 போதும் என்றால் 15 போதும்.

உங்கள் கல்லூரியில் நடக்கப்போவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நாலு கிரெடிட் பாடத்துக்கு 15 வாரம், வாரத்துக்கு நாலு மணி, ஆக 60 மணி. 40 சதவீதம் என்றால் 24 மணி நேரம் ஆன்லைனுக்குப் போய், வகுப்பில் 36 மிச்சமிருக்க வேண்டும். ஆனால் எந்த ஆசிரியரும் சிலபஸில் ஒரு வரியையும் விட மனமில்லாமல் 60 மணிக்கான பாடத்தையும் 36-க்குள் அடைத்து ஓட்டுவார். அதற்கு மேல் வீடியோவும் அசைன்மெண்டும் ஏறும். பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம் இல்லை, ஒன்றரைப் பாடம். கலப்புமுறையில் உலகம் முழுக்க முதலில் வருகிற வியாதி இதுதான். நவம்பரில் வருகைப் பதிவும் சரியாக இருக்கும், வீடியோ எண்ணிக்கையும் சரியாக இருக்கும். ரிசல்ட் மட்டும் விழுந்திருக்கும், ஏனென்று யாருக்கும் புரியாது.

இதற்கு மருந்து ஒரு பக்கத் தாள். பாடம் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொரு ஆசிரியரிடமும் 15 வரிசை போட்ட மணிக்கணக்குத் தாள் கேள். ஒவ்வொரு வாரத்துக்கும் வகுப்பில் என்ன, ஆன்லைனில் என்ன, எத்தனை நிமிடம், எந்தக் கற்றல் விளைவுக்காக (பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும்), அதை எந்தக் கேள்வியால் சோதிப்பார். அந்த 24 மணி முழுவதையும் வீடியோவால் நிரப்பினால் திருப்பி அனுப்பு. ஓரளவு ஒழுங்கான பிரிப்பு என்றால் வீடியோ 6 மணி, வாசிப்பு 6, அசைன்மெண்டும் விவாதமும் 7, வினாடி வினா 3, நேரலைச் சந்தேக வகுப்பு 2. ஆறு மணி வீடியோ என்பது ஒன்பது நிமிடத்தில் 40 துண்டு. ஆசிரியருக்கு அதுவே பெரிய வேலை, முதல் ஆண்டில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்படு. வகுப்புக்கு எது, வீட்டுக்கு எது என்பதில் என் அபிப்பிராயம் பிடிவாதமானது: வரையறை, வரலாறு, செய்துகாட்டிய கணக்கு இவை வீடியோவுக்குப் போகலாம். பிள்ளைகள் தடுமாறுகிற இடம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். நம்மவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். கஷ்டமான யூனிட்டைப் பதிவு பண்ணி ஏற்றிவிட்டு, எளிதானதை வகுப்பில் ரசித்து நடத்துவார்கள்.

வீடியோ நீளத்துக்கு ஒரு ஆய்வு கைவசம் இருக்கட்டும். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-ல் வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், நடுவாந்தரமான மாணவர் பார்த்தது ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. உடனே 50 நிமிடப் பதிவை எட்டாக வெட்டி ஏற்றிவிடுவார்கள், ஜாக்கிரதை. ஒரு துண்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் நடுவில் முடிகிற துண்டு பதிவு மட்டும்தான், பாடம் ஆகாது. காசு இருந்தால் கேமராவுக்குச் செலவழிக்காமல் காலர் மைக்குக்குச் செலவழி. படம் மங்கினால் பொறுப்பார்கள், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள்.

ஸ்வயத்தின் நான்கு பகுதி உனக்குத் தெரியும்: வீடியோ, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, விவாதக் களம். நல்ல சட்டகம்தான். சிக்கல் என்னவென்றால் நான்கும் 'இருக்கிறதா' என்று டிக் அடித்துவிடலாம், 'ஒட்டுகிறதா' என்று யாரும் பார்ப்பதில்லை. கற்றல் விளைவில் 'பகுத்தாய்வர்' என்றிருக்கும், வினாடி வினா 'எந்த ஆண்டு' என்று கேட்கும். இந்த ஒட்டுதலைப் பார்ப்பதில் அமெரிக்காவின் குவாலிட்டி மேட்டர்ஸ் அளவுகோல் கெட்டி. மேரிலாந்தில் பிறந்தது. எட்டு பொதுத் தரங்கள். விளைவு, மதிப்பீடு, பாடப்பொருள், செயல்பாடு, தொழில்நுட்பம் எல்லாம் ஒன்றையொன்று தாங்குகிறதா என்று சக ஆசிரியர்கள் மூன்று பேர் பார்ப்பார்கள். அவர்கள் மதிப்பிடுவது பாடத்தின் கட்டமைப்பை, பாடம் நடத்துகிறவரை இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடு, பாதிச் சண்டை குறையும்.

அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வேறு துறை ஆசிரியர் ஒருவர், மாணவர் லாகின், ஆறு அங்குலப் போன், மொபைல் டேட்டா, ஒன்றரை மணி நேரம், இது போதும். கல்லூரி வைஃபையில் டெஸ்க்டாப்பில் பார்க்க விடாதே, எல்லாம் அழகாகத்தான் தெரியும். 'இந்த வாரம் நான் என்ன செய்ய வேண்டும்' என்பது இரண்டு தட்டலுக்குள் தெரிகிறதா, கெடு தேதி எல்லா இடத்திலும் ஒன்றுதானா, அசைன்மெண்டுக்கு மார்க் எப்படிப் பிரியும் என்று எழுதியிருக்கிறதா, இணைப்புகள் திறக்கின்றனவா, சந்தேகம் கேட்டால் எத்தனை மணிக்குள் பதில் என்று சொல்லியிருக்கிறதா. ஆசிரியர் லாகினில் பார்த்தால் மறைத்துவைத்த கோப்பும் தெரியும், அதனால் தவறு தெரியாது. மாணவர் லாகின் என்பதில் விட்டுக்கொடுக்காதே.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பொருளைத் தனியாகச் சோதி. பாதி ஆசிரியர்களிடம் இருப்பது பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய நோட்ஸ். அதை மூடுலில் (கல்லூரிகள் ஆன்லைன் பாடத்தை ஏற்றும் மென்பொருள்) ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குச் சரியாக இருக்கும், ஆனால் தேடினால் சொல் அகப்படாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் உளறும். ஸ்கேன் பண்ணிய பக்கமென்றால் உளறக்கூடச் செய்யாது. சோதனை எளிது: பிடிஎஃபில் ஒரு வரியைத் தேர்ந்து வாட்ஸப்பில் ஒட்டு, தமிழாக வந்தால் சரி. பாமினியை மாற்ற மாற்றிகள் கிடைக்கின்றன, மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். இதைச் சலுகையாக நினைக்காதே, 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பின்னால் நிற்கிறது.

இனி எனக்குப் பிடித்த இடம், வினாடி வினா. கொட்டாவி விடாதேடி.

பத்துக் கேள்வி, கேள்வி வங்கியில் 12 என்று வைத்தால் எந்த இரண்டு மாணவருக்கும் சராசரியாக எட்டுக்கு மேல் ஒரே கேள்வி வரும். வங்கியை 40 ஆக்கினால் இரண்டரைதான். வாட்ஸப் குழுவில் விடை போவதைத் திட்டித் தடுக்க முடியாது, இந்தக் கணக்கால்தான் முடியும். விடையைக் காட்டும் அமைப்பை 'தேர்வு மூடிய பின்' என்று வை. முதலில் முடித்தவருக்கு உடனே விடை தெரிந்தால் வங்கி 400 இருந்தும் பயனில்லை.

தேர்வு முடிந்ததும் மூடுலில் அந்த வினாடி வினாவுக்குள் ரிசல்ட்ஸ் போய் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பதைத் திற. யாருமே திறக்காத கதவு அது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு எண்களைப் பார். எளிமைக் குறியீடு என்பது அந்தக் கேள்வியில் வகுப்பின் சராசரி மார்க், சதவீதத்தில். 35 முதல் 64 வரை என்றால் நடுத்தரம், 95-க்கு மேல் என்றால் ஒன்று கேள்வி குழந்தைத்தனம், அல்லது விடை ஊர் சுற்றியிருக்கிறது. பிரித்தறியும் குறியீடு என்பது மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இதிலும் நன்றாகச் செய்தார்களா என்று சொல்லும். 50-க்கு மேல் அருமை, 30 வரை பரவாயில்லை, 30-க்குக் கீழ் பலவீனம், 20-க்குக் கீழ் மிகவும் பலவீனம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் நன்றாகப் படித்தவர்கள் தவறாகவும் படிக்காதவர்கள் சரியாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பத்தில் எட்டுத் தடவை விடைக்குறிப்பு தப்பு, இல்லையேல் 'எது அல்ல' என்பது மொழிபெயர்ப்பில் தொலைந்திருக்கும். அப்போது அந்தக் கேள்வியை நீக்கி மார்க்கை மறுபடி போடச் சொல். ஆனால் 30 பேர் எழுதிய தேர்வில் இந்த எண்களை வைத்து யாரையும் கூண்டில் ஏற்றாதே, சின்னக் கூட்டத்தில் எண் ஆடும்.

கூடவே எடுத்துக்கொண்ட நேரத்தையும் பார். 20 கேள்வியை மூன்று நிமிடத்தில் முடித்து முழு மார்க் வாங்கியவர்கள் பத்துப் பேர் என்றால் அங்கே தேர்வே நடக்கவில்லை. கேமரா கண்காணிப்பு மென்பொருள் வாங்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். நான் எதிர்க்கட்சி. ஆன்லைன் வினாடி வினாவின் மதிப்பெண்ணைச் சிறியதாக்கு, கணக்கில் வருகிற தேர்வைக் கல்லூரியில் வைத்து எழுதச் சொல். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல் அதைத்தானே செய்கிறது: வாரா வாரம் அசைன்மெண்ட்டுக்கு 25, கண்காணிப்போடு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75, அசைன்மெண்ட்டில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியாகத் தாண்டினால்தான் சான்றிதழ்.

என் உண்மையான கவலை இனிமேல்தான், வாலு. இதெல்லாம் பாடத்தின் எலும்பு. பாடத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்பதை எந்த ஃபைலும் சொல்லாது. அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி ஒன்று எனக்குப் பிடிக்கும். ஆன்லைன் பாடத்தில் ஆசிரியர் மாணவரோடு ஒழுங்காகவும் பொருள்படவும் தொடர்பில் இருக்க வேண்டும். பாடம் நடத்துவது, மாணவர் வேலையைத் திருத்திக் கருத்துச் சொல்வது, கேள்விக்குப் பதிலளிப்பது, குழு விவாதத்தை நடத்துவது போன்ற ஐந்து வகையில் குறைந்தது இரண்டு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது அஞ்சல்வழிப் படிப்பாகக் கணக்காகி, மாணவர் உதவித்தொகையில் வில்லங்கம் வரும். நம் ஊரில் அஞ்சல்வழியில் தபால் கட்டு வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்தவர்களை நமக்குத் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம். வீடியோ ஏற்றிவிட்டு ஆசிரியர் காணாமல் போனால் அதே கட்டுதான், காகிதம் மட்டும் இல்லை.

அதனால் மூன்றாவது வாரம், யார் எப்போது நுழைந்தார்கள் என்று மூடுல் வைத்திருக்கும் பதிவை, அதாவது லாக்கை, எடு. ஏழு நாளாக நுழையாத மாணவர் பட்டியல் ஒன்று, விவாதக் களத்தில் 48 மணி தாண்டியும் பதில் வராத கேள்விகள் ஒன்று. முதல் பட்டியலுக்கு வகுப்பாசிரியர் போன் போடட்டும். காரணம் பெரும்பாலும் சோம்பலாக இருக்காது. போன் அண்ணனிடம் இருக்கும், பாஸ்வேர்டு மறந்திருக்கும், பகுதிநேர வேலை இருக்கும். இரண்டாவது பட்டியலை ஆசிரியரிடமே அமைதியாகக் காட்டு, சுற்றறிக்கை விடாதே. அதே வாரம் மாணவர்களிடம் பெயர் கேட்காமல் மூன்றே கேள்வி: எது புரியவில்லை, எது திறக்கவில்லை, வாரத்துக்கு எத்தனை மணி ஆகிறது. செமஸ்டர் கடைசியில் எடுக்கிற 25 கேள்விப் படிவம் அடுத்த ஆண்டுக்காரர்களுக்குத்தான் உதவும், அதுவும் யாராவது படித்தால். மூன்றாவது கேள்வியின் பதிலை மணிக்கணக்குத் தாளோடு ஒப்பிட்டுப் பார். தாளில் நாலு, பிள்ளைகள் சொல்வது ஏழு என்றால் ஒன்றரைப் பாடம் பிறந்துவிட்டது, அடுத்த வாரமே ஒரு அசைன்மெண்டைத் தூக்கு.

ஏக்யூஏஆருக்கு (நாக் அமைப்புக்கு அனுப்பும் ஆண்டுத் தர அறிக்கை) ஃபைல் வேண்டுமே என்பாய். மணிக்கணக்குத் தாள், சக ஆசிரியர் குறிப்பு, கேள்வி எண்கள், மூன்றாம் வாரப் பதில், அதன் பேரில் எதை மாற்றினோம் என்று ஒரு பத்தி. ஒரு பாடத்துக்கு ஐந்து காகிதம். கடைசிப் பத்தி இல்லாத ஃபைலை மட்டும் வாங்காதே. முதல் செமஸ்டரில் எல்லாத் துறையையும் தொடாமல் ஆறு பாடம் எடு. முதல்வர் முகம் சுளித்தால் விதியில் 'வரை' என்றுதான் இருக்கிறது என்று காட்டு.

பாட்டனி ரிட்டயர் ஆகிறாராமே, விழாவுக்கு வரச் சொல்லி நச்சரிக்கிறாள் சீப்பு. நீ போனால் நானும் வருகிறேன். உன் முதல் ஆறு பாடத்தின் தாள்களை மே மாதத்துக்குள் அனுப்பு, சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

உன்,
சோடாபுட்டி

பி.கு: என்பிடெல் பாடத்தை கிரெடிட்டுக்கு எடுப்பதாக இருந்தால் 4 வாரம் 1, 8 வாரம் 2, 12 வாரம் 3 என்பதுதான் கணக்கு. உங்கள் நாலு கிரெடிட் பாடத்துக்கு 12 வாரப் பாடத்தை ஈடு வைத்துவிட்டு, பிறகு ஒரு கிரெடிட்டைத் தேடி அலையாதீர்கள். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பாடத்திட்ட போர்டில் வைத்து முடித்துவிடு.