செப்டம்பர் அலாஸ்காவுக்கு மூட்டை கட்டும் முன்

பர்னபி (வான்கூவர் பக்கம், கனடா)
ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உனக்கும் அத்தானுக்கும் அம்மாவுக்கும் கப்பலில் இடம் உறுதியாகிவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் வான்கூவரில் ஏறுகிறோம், ஏழு இரவு. புரட்டாசி பிறப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். அம்மா முதலில் கேட்டதே அதைத்தானே.

அத்தான் ஆளுக்கு இரண்டு கம்பளி ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் வாங்கப் போவதாகச் சொன்னாயே, கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல். அலாஸ்கா என்றதும் எல்லாருக்கும் பனிவெளியும் நாய் வண்டியும்தான் நினைவுக்கு வருகிறது. நாம் போவது அந்த அமெரிக்க மாநிலத்தின் தென்கிழக்கு வால் பகுதிக்கு. செப்டம்பர் தொடக்கத்தில் பகலில் 12, 14 டிகிரி இருக்கும், இரவில் 7, 8 வரை இறங்கும். கடலோரம் என்பதால் உறைகிற குளிர் இல்லை. ஆனால் பசிபிக் கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் மலையில் முட்டி அங்கேயே கொட்டிவிடும். நாம் முதலில் இறங்கும் கெச்சிகானில் ஆண்டுக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை. இலையுதிர் காலம் நெருங்க நெருங்க அது கூடும். அதனால் குளிருக்குப் பயப்படாதே, ஈரத்துக்குத் தயாராகு.

இது எனக்கு வான்கூவர் கற்றுக்கொடுத்த பாடம். இங்கே அக்டோபரில் பிடிக்கும் மழை மார்ச் வரை விடாது. நம்மூர் மாதிரி அடித்துப் பெய்துவிட்டு ஓய்வதில்லை, நாள் முழுக்கச் சாரல்தான். குடை பிடிக்காமலே பாதி ஜனம் நடக்கும். பஸ்ஸில் ஏறினால் எல்லார் மேலும் நனைந்த கோட்டு வாசனை. வந்த புதிதில் அது எனக்குப் பெரிய சோகமாக இருந்தது. இப்போது மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பையனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன். பள்ளியிலும் மழை என்றால் விளையாட்டு நிற்பதில்லை, ரப்பர் பூட்ஸோடு சேற்றில் விட்டுவிடுகிறார்கள். அம்மா பார்த்தால் டீச்சரோடு சண்டைக்கே போவாள்.

சரி, துணிக்கு வருகிறேன். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன் மேல் கம்பளி போன்ற மெல்லிய ஃபிளீஸ் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத, தலைமூடி வைத்த கோட்டு. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், காற்று வந்தால் மாட்டலாம். ஜீன்ஸும் பருத்தித் துணியும் வேண்டாம், நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. குடையும் வேண்டாம், மேல்தளத்துக் காற்றில் அது பறந்துவிடும். கப்பல் ஓடும் வேகமே ஒரு காற்று என்பதால், கரையில் சும்மா இருக்கும் 12 டிகிரி மேல்தளத்தில் நடுங்க வைக்கும். மங்கி குல்லாவை மட்டும் கொண்டு வரட்டும், அங்கே அதற்கு மரியாதை உண்டு. கோட்டுகளை இங்கே பழைய துணிக் கடையில் மலிவாக நானே வாங்கி வைக்கிறேன், அளவு மட்டும் அனுப்பு. அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும். உள்ளே தெர்மல் பேன்ட், காலில் சாக்ஸும் ஷூவும் இருந்தாக வேண்டும். செருப்பு கேபினுக்குள் மட்டும்.

குமட்டலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வழியெல்லாம் பெரும்பாலும் தீவுகளுக்கு நடுவில்தான் போவோம், தண்ணீர் அமைதியாக இருக்கும். குயீன் சார்லட் சவுண்ட் என்ற இடத்தில் மட்டும் திறந்த கடல், சில மணி நேரம் கப்பல் ஆடும். கீழ்த்தளத்தில் நடுவாகப் பார்த்து அறை போட்டிருக்கிறேன், ஆட்டம் அங்கேதான் குறைவு. சுக்கு கொண்டு வா. மாத்திரையை மட்டும் டாக்டரிடம் கேட்டு வாங்கு, அம்மாவின் பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போக வேண்டுமே.

போன வருடம் ஆபீஸ் நண்பர்களோடு இதே வழியில் போய்வந்தேன். என்னைக் கேட்டால் ஜூன், ஜூலையைவிட இந்த மாதம்தான் நல்லது. ஜூனில் அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் பகல் கிட்டத்தட்ட 18 மணி நேரம், இருட்டவே இருட்டாது. செப்டம்பரில் எட்டு மணி வாக்கில் இருட்டிவிடும், மேகம் விட்டால் வானில் பச்சைத் துருவ ஒளி தெரியவும் வாய்ப்புண்டு. அப்புறம் சால்மன் மீன். முட்டையிட ஓடைக்குத் திரும்பும் மீன்கள் அப்போது கெச்சிகான் ஊருக்கு நடுவிலேயே தண்ணீரை எதிர்த்துத் துள்ளும். முட்டையிட்டதும் அவை செத்துப்போகும், அந்த நாற்றம் கரை முழுக்க அடிக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள், கரடிக்கு அதுதான் விருந்து. ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றின் பக்கத்து ஓடையில் கறுப்புக் கரடி மீன் பிடிப்பதை மரப்பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம். ஜூனோ தலைநகர்தான், ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான்.

திமிங்கலங்களும் அப்போது இருக்கும். கோடை முழுக்கத் தின்றுவிட்டு, குளிர்காலத்துக்கு ஹவாய்ப் பக்கம் போகும் கூட்டம் அது. முதலில் தெரிவது உடம்பல்ல, மூச்சு. தூரத்தில் வெள்ளையாக ஒரு புகைத்தூண் எழும், அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிரு. பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று பேர் அடித்துக்கொண்டால் திமிங்கலம் காத்திருக்காது.

ஸ்காக்வே என்ற ஊரில் அத்தானுக்காக ரயில் டிக்கெட் போட்டிருக்கிறேன். ரயில்வேக்காரருக்கு இதைக் காட்டாமல் இருக்க முடியுமா! 1898இல் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்காகத் தொடங்கி 1900இல் முடித்த குறுகிய பாதை, மூன்றடி அகலம். கடல் மட்டத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 870 மீட்டர் ஏறுகிறது.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குப் போகும் நாளன்று மட்டும் யாரும் தூங்கக் கூடாது. அந்த விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்கா அதிகாரிகள் கப்பலிலேயே ஏறி விளக்கம் சொல்வார்கள். 1794இல் இங்கிலாந்துக் கப்பல்கள் வந்தபோது விரிகுடாவே இல்லை, வாசலிலேயே பனிச்சுவர் நின்றதாம். இன்று அந்தப் பனியைப் பார்க்க 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். கடைசியில் மார்ஜரி பனியாறு, தண்ணீருக்கு மேலே மட்டும் நம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுர உயரம். போன வருடம் கப்பலின் கண்ணாடிக் கூடத்தில் காபியோடு உட்கார்ந்தவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள். வெளியே நில். சத்தம் கேட்டுத் திரும்பினால் சுவரிலிருந்து உடைந்த பனி கடலில் விழுந்து முடிந்திருக்கும், ஒளி முந்தி வருகிறது பார். அதனால் சுவரிலிருந்து கண்ணை எடுக்காதே. மூட்டமாக இருந்தால் அலுத்துக்கொள்ளாதே, பனியின் நீலம் வெயிலைவிட மூட்டத்தில்தான் நன்றாக எடுக்கும். எந்தப் பக்கம் நிற்பது என்ற கவலையும் வேண்டாம், கப்பலை அங்கேயே மெதுவாகத் திருப்பிக் காட்டுவார்கள்.

சாப்பாட்டுக்குச் சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொஞ்சம் எடுத்துக்கொள். மின்சாரக் கெட்டிலை அம்மா பெட்டியில் திணிக்கப் பார்ப்பாள், விடாதே. கப்பலில் சோதனையின்போது எடுத்து வைத்துவிடுவார்கள்.

அமெரிக்கக் குடியேற்றச் சோதனை வான்கூவர் துறைமுகத்திலேயே நடக்கும். கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் உள்ள பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொள், பெட்டிக்குள் போடாதே. அத்தானின் ஷூ அளவையும் எழுது.

அன்புடன்,
உன் தம்பி