ஆறடி மண்ணுக்கும் ரசீது கேட்கலாமா?

நம் சபைகளின் சேகரத் தலைவரான போதகர் ஐயரவர்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் மேற்குத் தெருவிலிருந்து ஸ்தோத்திரம்.

போன மாதம் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கமிட்டியில் பாதிப் பேர் அந்தத் துக்க வீட்டு முற்றத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கப் பாக்கி, அதாவது சபைக்குக் கட்டவேண்டிய சந்தா பாக்கி, இருக்கிறது என்பதற்காக இனி யாருடைய அடக்கத்தையும் நிறுத்தி வைக்காதீர்கள். துக்க மணி அடிக்கவும் குழி வெட்டவும் ரசீது கேட்கிற வழக்கத்தை எடுத்துவிடுங்கள்.

அந்த வாரம்தான் நம் கோயில் மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் முடிந்திருந்தது. ‘கிருபையும் இளைப்பாறுதலும்’ என்பதுதான் கூட்டத்தின் தலைப்பு. வெளியூர்ப் பிரசங்கியார் நன்றாகவே பேசினார், குறை சொல்ல மாட்டேன். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, இரட்சிப்பு நம் கிரியையால் வருவதல்ல, தேவன் சும்மா கொடுக்கிற ஈவு என்றார். பதினோராம் மணி வேளையில் திராட்சத் தோட்டத்துக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமானைப் பற்றிச் சொன்னபோது கமிட்டியார் முன்வரிசையில் இருந்து ஆமென் சொன்னீர்கள். மைக்கில் கேட்கும் அளவுக்குச் சொன்னீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நம் தெரு ஆச்சி இறந்துபோனார்.

பீடி சுற்றியே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். மடியில் சொளகு, அதில் வெட்டி அடுக்கிய இலை, ஓரமாகத் தூள். இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி அடுத்ததை எடுப்பதற்குள் நாம் ஒரு வாக்கியம் பேசி முடித்திருக்க மாட்டோம். ஆயிரம் பீடி தேறினால்தான் முழுக் கூலி. கூலி வாங்கிய அன்றே காணிக்கைக் கவரில் போடவேண்டியதைப் போட்டு வேதாகமத்துக்குள் வைத்துவிடுவார். விரல் மடங்க மறுத்து, இருமலும் சேர்ந்தபிறகு வேலை நின்றது. வேலையோடு சங்கமும் நின்றது. அப்புறம் வருஷா வருஷம் அறிவிப்பு நேரத்தில் பாக்கிக்காரர் பட்டியலில் அவர் பெயரும் வாசிக்கப்பட்டது. முதலில் பின்வரிசைக்குப் போனார். பிறகு கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்க நம் சபையில் ஒரு ஆளுக்கும் நேரம் கிடைக்கவில்லை. பட்டியலில் பெயர் மட்டும் தவறாமல் இருந்தது.

அன்று காலையில் மணி அடிக்கச் சொல்லிக் கோயில் ஊழியரான உபதேசியாரிடம் ஆள் போனது. “கமிட்டியில ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் சம்பளமும் உங்கள் கையில்தான். பொருளாளர் நோட்டைப் புரட்டினார். நாலு வருஷச் சங்கம், அறுப்பின் பண்டிகை வரி, கோபுர நிதியில் ஒரு தவணை. பாதி கட்டினால் போதுமா, எழுதிக் கொடுத்தால் போதுமா என்று பேச்சு பகல் பன்னிரண்டு வரை இழுத்தது. உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி அடிக்காமல் பாடக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் யாரும் ஆரம்பிக்கவில்லை. கடைசியில் மகள் எழுந்து உள்ளறைக்குப் போய், கம்மலைக் கழற்றித் தன் கொழுந்தனிடம் கொடுத்து பஜாருக்கு அனுப்பினாள். இழவு வீட்டிலிருந்து அடகுக் கடைக்கு ஆள் போனது. ரசீது எழுதிய பத்தாவது நிமிஷம் மணி அடித்தது.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் ஐயரவர்கள் வெளிப்படுத்தலிலிருந்து வாசித்தீர்கள்: “அவர்கள் தங்கள் பிரயாசங்களை விட்டொழிந்து இளைப்பாறுவார்கள்.” அந்த இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை நம்பித்தான் மேலிடம், கோர்ட்டு என்று போகாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லப்போகும் பதிலும் தெரியும். சங்கம் வராவிட்டால் ஊழியர் சம்பளம் எப்படிக் கொடுப்பது, கரண்ட் பில் யார் கட்டுவது? நியாயமான கேள்வி. சங்கத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் இருந்தும் கட்டாதவர்களிடம் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பாக்கி இருந்தால் சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை என்று வையுங்கள், அதிலும் எனக்குத் தகராறு இல்லை. செத்தவரைப் பிணை வைத்து வசூல் பண்ணாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஓட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தேர்தல் வருஷத்தில் மட்டும் நம் சேகரத்தில் பாக்கிக்காரரே இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு அணியும் போட்டி போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சங்கம் கட்டிவிடுகிறது. கட்டின விஷயம் அந்த வீட்டாருக்கே ரசீது வந்தபிறகுதான் தெரியும். ஆச்சி தேர்தல் பட்டியல் முடிகிற வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருந்தால் கம்மல் மிஞ்சியிருக்கும். கோபுரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மடல் முடியாது. பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட இரண்டடி கூட வேண்டும் என்பதற்கு எந்த அதிகாரத்தில் எந்த வசனம் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பாக்கிக்குப் பயந்து நம் சபையை விட்டுத் தனி ஜெபவீடுகளுக்குப் போன குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. பல ஜெபவீடுகளுக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. அதனால் கடைசியில் நம் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பிரசங்கத்தாலும் அன்பாலும் பிடித்து வைக்க முடியாத சபையாரைப் பிணக்குழியால் பிடித்து வைத்திருக்கிறோம். இதற்குப் பெயர் ஐக்கியமா?

நம் திருநெல்வேலிச் சபைகள் இப்படியா தொடங்கின? விசுவாசத்துக்காக அடிபட்டு வந்தவர்கள் ஒதுங்கத்தான் 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தியது, இருக்க இடமில்லாத விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த. அன்று காணிக்கை சேர்த்து மண் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வழி வந்த நாம் ஆறடி மண்ணுக்கு முன்பணம் கேட்கிறோம். அதற்கும் முன்னால் போனால் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். விதவைகளைச் சரியாக விசாரிக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்ததால்தான் ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஆதிச் சபை தேர்ந்தெடுத்த முதல் கமிட்டியே விதவைகளின் பந்திக்காக. கமிட்டி மேசையில் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு நோட்டைத் திறந்தால் நல்லது.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னிக்கவும். தயவாய்க் கேட்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: சபை அங்கத்தினர் யார் இறந்தாலும், பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொன்ன உடனே மணி அடிக்கப்படும், குழி வெட்ட இடம் காட்டப்படும், கணக்குப் பேச்சு அடக்கம் முடிந்தபிறகுதான். அதோடு அறிவிப்பு நேரத்தில் பாக்கிப் பட்டியல் வாசிப்பதையும் நிறுத்துங்கள். குழி வெட்டும் கூலிக்கு என்ன செய்வது என்றால், அதற்கென்று தனியாக ஒரு நிதி வைக்க மேற்குத் தெருவில் சில குடும்பங்கள் தயாராக இருக்கின்றன. ஆச்சி மகளிடம் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுப்பதிலிருந்து அந்த நிதியை ஆரம்பிக்கலாம். கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது.

பதிலை எழுத்தில் கொடுத்தால் உதவியாக இருக்கும். இல்லை, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் என் பெயரை வாசித்துத்தான் பதில் சொல்வீர்கள் என்றாலும் சரி. என் சங்கம் மார்ச் வரை கட்டியாயிற்று, ரசீது கைவசம் இருக்கிறது.

இப்படிக்கு,
மேற்குத் தெரு சபை அங்கத்தினன்