வடோதராவில் இருக்கும் பிள்ளைக்கு

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். நம் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர எனக்கு இன்றும் வராது. அதனால் வழக்கம்போலத் தமிழில்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியப்பா வீட்டுத் தறியைப் போன வாரம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. அதை அப்புறம் எழுதுகிறேன். நீ மத்தியானச் சாப்பாட்டை விடாதே.

விசுவாமித்திரியில் தண்ணீர் ஏறினால் முதலை தெருவுக்கு வந்துவிடும் என்று டிவியில் காட்டினார்கள். அம்மா பயந்துபோனாள். அந்த ஆறு இன்று நேற்றா இப்படி? அக்கரையில் அங்கோட்டகம் என்ற பட்டணம்தான் முதலில் இருந்தது. அங்கோலம் என்றால் நம் ஊர் அழிஞ்சில் மரம். வெள்ளத்துக்குப் பயந்து ஜனங்கள் இக்கரைக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள். உன் வடோதரா அப்போது வடபத்ரகம். கி.பி. 812-ல் ராஷ்டிரகூட ராஜா கர்க்கன் ஒரு பிராமணருக்குத் தானமாக எழுதிக் கொடுத்த செப்பேட்டில் அது வெறும் கிராமம், அங்கோட்டகத்தைச் சேர்ந்த 84 கிராமங்களில் ஒன்று. இன்றைக்குக் கிராமம் மாநகராட்சி, பட்டணம் அதற்குள் அகோட்டா என்று ஒரு பேட்டை. அகோட்டாவில் கிடைத்த சமண வெண்கலச் சிலைகள் உன் ஊர் மியூசியத்தில்தான் இருக்கின்றன. சாமரம் பிடித்து நிற்கும் பெண் சிலையைப் பார் என்று எத்தனை தடவை சொன்னேன். இதுவரை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடவா ஒழியவில்லை?

போன மாதம் நீ கூப்பிட்டாயே, அது செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. பின்னால் கோயில் மணி அடித்தது. யாரோ இரண்டு டீ கேட்டார்கள், கண்ணாடி டம்ளர் கழுவும் சத்தம். ஆபீசில் இருக்கிறேன் என்று சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

பணம் வந்தது. முன்பெல்லாம் முதல் தேதி மொத்தமாக வரும். இப்போது மூன்று மாதமாகப் பாதி பாதியாக, இரண்டு தடவையாக வருகிறது. குறை சொல்லவில்லை. அனுப்புகிறாயே, அதுவே பெரிசு. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் கவலை.

நீ ரயிலில் வரும்போது பரூச் பாலம் தாண்டுவாய். அந்தப் பரூச்தான் பழைய பருகச்சம், கிரேக்க மாலுமிகளின் பாரிகாசா. முதல் நூற்றாண்டில் ஒருவன் எழுதிவைத்த கடல் வழிக் குறிப்பில் அந்தத் துறைமுகத்தைப் பற்றி நிறைய இருக்கிறது. நர்மதை முகத்தில் வண்டலும் திட்டும். ஓதம் ஏறும்போது ஆறு பின்பக்கமாக ஓடும். வழி தெரியாத கப்பல் தரைதட்டிக் கவிழும். அதனால் ராஜாவின் மீனவர்கள் படகுகளில் கடலுக்கே எதிர்போய், கப்பலைக் கயிறு கட்டி இழுத்து, ஓதம் பார்த்து நிறுத்தி, மறுபடி இழுத்து உள்ளே கொண்டுவருவார்கள். பெரிய மாலுமிகள் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். யாரும் அதைக் கேவலமாக நினைக்கவில்லை.

2018-ல் நீ வேலையில் சேர்ந்தபோது என்னைப் பாட்டன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனாயே. அந்த வருஷம்தான் ஊதா நிற நூறு ரூபாய் வந்தது. அதன் பின்னால் இருக்கும் ராணி கி வாவ் படிக்கிணற்றை நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். உதயமதி ராணி புருஷன் பீமதேவனின் நினைவாக 11-ம் நூற்றாண்டில் எடுத்தது. இறங்க இறங்க வெயில் மேலேயே நின்றுவிட்டது. கல்லில் கை வைத்தால் பானை போலச் சில்லென்றிருந்தது. ஒவ்வொரு தளத்திலும் நான் நின்று நின்று சொல்ல, நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாய். அணஹிலவாடம் என்பதுதான் இந்த ஊரின் பழைய பெயர், சாவடா வனராஜன் 746-ல் அமைத்தது என்பது ஐதிகம் என்றேன். "மூணாங் கிளாசிலேயே சொல்லிட்டீங்கப்பா" என்று சிரித்தாய். பள்ளிக்கூட வினாடி வினாவில் சோலங்கிகளின் தலைநகரம் எது என்ற கேள்விக்குக் கையைத் தூக்கின ஒரே பிள்ளை நீ. அன்றைக்குத் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

சமண முனிவர் ஹேமசந்திரர் இலக்கணம் எழுதி முடித்ததும் சோலங்கி ராஜா சித்தராஜன் அந்த நூலை யானைமேல் வைத்து ஊர்வலம் விட்டான் என்று சொல்லும் ஊர் அது. ஒரு இலக்கணப் புத்தகத்துக்கு! 1299-ல் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் படை வந்ததோடு அப்போதைய ராஜா வாகேலா கர்ணன் ஓடினான், அந்தத் தலைநகரம் முடிந்தது. அந்தப் படையெடுப்பில் கம்பாத்தில் பிடிபட்ட அடிமைதான் மாலிக் காபூர். 1311-ல் அவன் கில்ஜியின் தளபதியாக நம் மதுரை வாசலில் வந்து நின்றான். உன் ஊருக்கும் என் ஊருக்கும் அப்படி ஒரு முடிச்சு.

எனக்கு அந்தப் பக்கத்தில் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது ஜுனாகத், பழைய கிரிநகரம். அங்கே கிர்னார் அடிவாரத்தில் ஒரே பாறை. அசோகன் எழுத்து, ருத்ரதாமன் எழுத்து, ஸ்கந்தகுப்தன் எழுத்து மூன்றும் அதில் இருக்கின்றன. பின்னவர்கள் இருவர் எழுத்திலும் ஒரு ஏரியின் கதை, சுதர்சன ஏரி. மௌரிய சந்திரகுப்தன் காலத்தில் புஷ்யகுப்தன் கட்டியது. கி.பி. 150-ல் புயல் மழையில் கரை உடைந்தது. உடைப்பு 420 முழ நீளம், அதே அகலம், 75 முழ ஆழம். இதை அடைக்க முடியாது என்று மந்திரிகளே சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் ஐயோ என்று அழுதார்கள். கல்லில் அதையும் மறைக்காமல் வெட்டியிருக்கிறார்கள், பார். அப்புறம் சுவிசாகன் என்ற அதிகாரி எடுத்துக் கட்டினான். வரி போடவில்லை, ஜனங்களை வெட்டி வேலைக்கு இழுக்கவில்லை. ராஜா ருத்ரதாமன் தன் கஜானாவிலிருந்தே கொடுத்தான்.

முந்நூறு வருஷம் கழித்து, குப்தர் கணக்கில் 136-ல், மறுபடி உடைந்தது. சௌராஷ்டிரத்துக்கு யாரை அனுப்புவது என்று ஸ்கந்தகுப்தன் ராத்திரி பகலாக யோசித்துப் பர்ணதத்தனை அனுப்பியிருந்தான். பர்ணதத்தன் தன் பிள்ளை சக்கரபாலிதனிடம் கிரிநகரத்தை ஒப்படைத்திருந்தான். ஏரி உடைந்தது ராத்திரி என்று கல்லிலேயே இருக்கிறது. பிள்ளை இரண்டே மாதத்தில் அடைத்துவிட்டான். அந்த அப்பாவுக்கு எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று நினைப்பேன். உடைந்த அந்த ராத்திரியே பிள்ளை அவரிடம் போய்ச் சொன்னானா என்றும் நினைப்பேன்.

தம்பி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதே இல்லை. அப்பா படிப்பாளி என்று நினைத்துக்கொண்டாய். 2003-ல் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நூல் மில்லில் ஒரு சனிக்கிழமை எங்கள் பதினோரு பேருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல் குளித்து, விபூதி வைத்து, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினேன். ஏழு மாதம் அப்படித்தான் கிளம்பினேன். சிம்மக்கல் நூலகத்தில் போய் உட்காருவேன். பேப்பரில் வேலை விளம்பரம் பார்ப்பேன். அது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்குத்தான் பாட்டனும் பரூச்சும் கிர்னாரும். நம் ஜனம் வந்த திசையாயிற்றே என்று அந்த அலமாரியிலேயே ஆரம்பித்தேன். உனக்கு ராத்திரி சொன்ன கதை எல்லாம் அன்றன்று பகலில் படித்தது. மத்தியானம் பசிக்கவே பசிக்காது. சோற்றை வைகைக் கரையில் நாய்க்குப் போட்டுவிட்டு, காலி டப்பாவோடு வருவேன்.

பழைய மில்லின் நண்பர்கள் இரண்டு பேரிடம் கடன் வாங்கிச் சம்பளம் என்று அம்மாவிடம் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் ஒருநாள் டப்பாவைத் திறந்தால், சோற்றின்மேல் மூடின இலைக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் மடித்த ஐம்பது ரூபாய். அவள் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுச் சேர்த்த காசு. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். வேறு வேலை கிடைத்த பிறகும் அதைப் பற்றி நாங்கள் பேசினதே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவள் தனியாக அதைச் சுமந்திருக்க மாட்டாள். என் கௌரவத்தை அவளைவிடப் பெரிதாக நினைத்துவிட்டேன். அது என் தப்பு.

அந்த மாதங்களில் ஒரு கல்வெட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மந்தசோரில் இருப்பது, பழைய தசபுரம். லாட தேசத்திலிருந்து, அதாவது உன் பரூச் பக்கத்திலிருந்து, பட்டு நெசவாளர்கள் அங்கே குடிபோய் 437-ல் சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள். அதில் ஒரு பகுதி சிதைந்து, 473-ல் அவர்கள் கூட்டமே செப்பனிட்டது. அவர்கள்தான் நம் முன்னோர் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். ஆனால் அதில் ஒரு இடம் இருக்கிறது. புது ஊருக்குப் போன பிறகு சிலர் வில் பிடிக்கக் கற்றார்கள், சிலர் கதை சொன்னார்கள், சிலர் சோதிடம் பார்த்தார்கள், சிலர் நெசவிலேயே இருந்தார்கள் என்று வரிசையாகப் புகழ்ந்து எழுதியிருக்கிறது. தறியை விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒரே கல்லில், ஒரே பெருமையாக. நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு அழுதேன்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோயில் மணி எந்த ஊர்க் கோயிலிலும் அடிக்கும். அடுத்த மாதம் பணம் மட்டும் அனுப்பாதே. நீ அனுப்பினதில் பாதிக்கு மேல் போஸ்ட் ஆபீசில் அப்படியே இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் சொல், அன்றைக்கே அனுப்புகிறேன். ஊருக்கு வரத் தோன்றினால் வா. இந்தத் தேதி அந்தத் தேதி என்று பார்க்காதே. மத்தியானம் சாப்பிடு.

அம்மா மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கீழே வந்ததும் இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் உறையில் போடப்போகிறேன்.

அப்பா