21 நாள் கணக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். '21 நாளில் எந்தப் பழக்கத்தையும் மாற்றலாம்' என்று பயிற்சி வகுப்பு விளம்பரங்களும் ஞாயிறு இணைப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர், முகத்தை மாற்றிக்கொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். முகத்துக்குச் சொன்னதைப் பழக்கத்துக்கு ஏற்றிவிட்டார்கள். 'குறைந்தது' என்பதையும் விட்டுவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளில் இருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். 22-ம் நாள் பழையது தலைகாட்டியதும் 'நமக்கு மன உறுதி போதாது' என்று எத்தனையோ பேர் கைவிட்டுவிடுகிறார்கள். தவறு அவர்களிடம் இல்லை.

ஒரு பழக்கத்தை மாற்ற நினைப்பவர் முதல் வாரம் எதையும் மாற்றக் கூடாது, கவனிக்க மட்டும் வேண்டும். பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவது இந்தக் கட்டத்தைத்தான். ஒரு சின்ன நோட்டு போதும். பழக்கம் நடந்த அந்த நேரத்திலேயே மணி, இடம், கூட இருந்தவர், மனநிலை, சற்று முன் செய்துகொண்டிருந்த வேலை ஆகிய ஐந்தையும் குறிக்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதினால் மனசு தனக்குச் சாதகமான காரணத்தைச் சொல்லிவிடும். விடுமுறை நாளையும் விடக் கூடாது. விஷயம் பிடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சாயங்காலம் 5 மணி பஜ்ஜியை எடுத்துக்கொள்வோம். கேட்டால் 'பசி' என்பார்கள். நோட்டைப் பார்த்தால் ஆபீஸ் நாட்களில் மட்டும் பஜ்ஜி இருக்கும், ஞாயிறு இருக்காது. மனநிலையில் 'அலுப்பு' என்றும், அதற்கு முன் 'பக்கத்து சீட்டுக்காரர் கூப்பிட்டார்' என்றும் வரும். அப்படியானால் இழுப்பது பசி அல்ல. நாற்காலியை விட்டு எழுந்து நாலு பேரோடு பேச வேண்டும் என்ற தவிப்பு. இவரை 'கடைப் பக்கமே போகாதே' என்றால் ரெண்டு நாள் தாங்காது. அவர்களோடு போகட்டும், பேசட்டும், கையில் சுண்டல் இருக்கட்டும். ஞாயிறும் அதே 5 மணிக்கு வயிறு கேட்டால் கோளாறு மதியச் சாப்பாட்டில். அதைத்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது தீர்மானம். 'இனி ராத்திரி போன் பார்க்க மாட்டேன்' என்பதில் செய்ய ஒன்றுமே இல்லை. 'சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் போனை ஹாலில் சார்ஜ் போடுவேன்' என்பதில் நேரம், இடம், செயல் மூன்றும் இருக்கின்றன. அலாரத்துக்காக என்று போன் மறுபடி படுக்கைக்கு வந்துவிடும். அதனால் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வைத்துவிட வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விடுவதில்லை, அத்தனை பேர் நிம்மதியாக நடக்கிறார்கள். வீட்டிலும் இடத்தை ஒழுங்குபடுத்தினால் மன உறுதிக்கு வேலை குறையும்.

தைப் பொங்கலோடு நடை, யோகா, டயட், அதிகாலை எழுவது என நாலையும் சேர்த்துத் தொடங்குவது வீண். ஒன்று போதும், அதுவும் 10 நிமிடத்தில் தொடங்கலாம். ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்று அதே லண்டன் ஆய்வு சொல்கிறது. மறுநாள் தொடர்ந்தால் போதும். பழைய பழக்கம் அழிந்துவிடுவதும் இல்லை. கல்யாண வீடு, தூக்கம் கெட்ட ராத்திரி, பழைய கூட்டாளி என்று பழைய சூழல் வந்தால் எழும்பும். அங்கே என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் மதுவுக்குப் பொருந்தாது. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வலிப்பும், 2 முதல் 4 நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்து. சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றோடு நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களை வீட்டார் முன்னதாகவே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவிக்கு 1800-11-2356, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மணி, இடம், கூட இருந்தவர், மனநிலை, முன் செய்த வேலை என்று மேலே சொன்ன ஐந்துக்கும் ஐந்து கட்டங்களோடு, நாளுக்கு நாலு வரியாக ஒரு வாரத்துக்கான அட்டவணையை வெட்டி எடுக்கும் அளவில் அச்சிட வேண்டுகிறேன். இந்த இரண்டு எண்களும் அதன் அடியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.